குறைந்த காசில் குதிரை

புதுச்சேரி நகரில் குதிரைக்கென்று சந்தை கூடுவதில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்கள், கடற்கரையோரம் குழந்தைகளை ஏற்றிக் காசு வாங்குபவர்கள், ஆரோவில் பக்கம் சவாரி பழகிவிட்டுச் சொந்தமாக ஒன்று வேண்டுமென்று ஆசைப்படுபவர்கள் என வாங்குவோரே கொஞ்சம் பேர். விற்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே இங்கே குதிரை வாங்குவது பெரும்பாலும் ஒரு வியாபாரி கைபேசியில் அனுப்பும் படத்தில் தொடங்கி, வெளியூர் லாயம் ஒன்றில் முடியும். கையில் இருப்பது சிறு தொகை என்றால் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தத் தொகைக்குக் குறையே இல்லாத குதிரை கிடைக்காது. எந்தக் குறையோடு காலம் தள்ளலாம், எந்தக் குறை பணத்தை விழுங்கிவிட்டுக் குதிரையையும் படுக்க வைக்கும் என்று பிரித்தறிவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

குதிரை இங்கு வந்து சேரும் வழிகள் சில உண்டு. ஈரோடு மாவட்டம் அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் சந்தை தமிழ்நாட்டுக் குதிரைக்காரர்கள் கூடும் பெரிய இடம். நாட்டு மட்டம், கத்தியவாரி, மார்வாரி, வெள்ளை நுக்ரா எல்லாம் அங்கே மாடுகளுக்குப் பக்கத்திலேயே கட்டி நிற்கும். ராஜஸ்தானின் புஷ்கர், மகாராஷ்டிரத்தின் சாரங்கேடா போன்ற வடக்கத்திச் சந்தைகளில் மொத்தமாகப் பிடித்து, லாரியில் ஏற்றிவந்து, தமிழ்நாட்டு லாயங்களில் வைத்துச் சில்லறையாக விற்கும் வியாபாரிகள் இரண்டாவது வழி. பந்தய மைதானங்களில் ஓடி முடித்து வெளியேறும் தரோபிரெட் குதிரைகள் மூன்றாவது. ரேக்ளாப் பந்தயத்தில் எதிர்பார்த்தபடி ஓடாததால் கைமாறுபவையும் உண்டு. கடைசி வழி உள்ளூர் விற்பனை: ஒருவர் ஆசையாக வாங்கி, சில மாதம் வளர்த்து, செலவு தாங்காமல் விற்பது. விளம்பரம் இல்லாத இந்தக் கடைசி வழியில்தான் பேரம் நன்றாக அமையும். அதற்குக் காரணம் விலை மட்டுமல்ல, குதிரை ஏற்கெனவே பழகிவிட்ட கடற்கரைக் காற்றும்தான்.

தமிழ்க் கரைக்குக் குதிரை எப்போதுமே வெளிச்சரக்குதான். கல்வெட்டுகளில் மலைநாட்டிலிருந்து வந்த குதிரைச் செட்டிகள் இடம்பெறுகிறார்கள். பாண்டியர் காலத்தில் பாரசீகக் கரையின் ஓர்மூசு, கீசு துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து காயலில் இறங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கில் வாங்கும் குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததே காரணம் என்றும் எழுதிவைத்தார். பயணியின் மிகைப்படுத்தல் கொஞ்சம் இருக்கலாம். ஆனாலும் வறண்ட நாட்டில் பிறந்த விலங்கைப் புழுக்கமான கரைக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல் இன்றும் தீரவில்லை.

விற்பவர்களில் இரண்டு வகை. குதிரையைச் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்து விற்பவர் வியாபாரி. யாருடைய குதிரையையோ காட்டி இரு பக்கமும் தரகு வாங்குபவர் தரகர். இரண்டாமவர் சொல்வதற்கெல்லாம் பின்னால் பொறுப்பேற்க ஆள் இருக்காது. சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துப் பேசும் விலை லாய விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சந்தை கலைந்ததும் விற்றவர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. முதல் குதிரை வாங்குபவர் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும், பக்கத்து மாவட்டத்தில் நிலையான லாயம் வைத்திருக்கும் வியாபாரியிடம் வாங்குவதே மேல். அவருக்கு அடுத்த வாடிக்கையாளர் வேண்டும். அந்தக் கவலையைவிட நல்ல உத்தரவாதம் இந்தத் தொழிலில் இல்லை. வியாபாரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. குதிரை அவர் லாயத்துக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது, அதற்கு முன் எங்கே என்ன வேலை பார்த்தது என்பதே. இதற்குத் தயங்காமல் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

விலையை ஏற்றும் பல காரணங்களுக்கும் குதிரையின் உடலுக்கும் சம்பந்தமே இல்லை. சிக்கனமாக வாங்க வழி இங்கேதான் திறக்கிறது. வெள்ளைக் குதிரைக்குக் கல்யாண வீட்டில் கிராக்கி, அதனால் விலை கூடுதல். ஊர்வலத் தொழிலுக்கு அல்லாமல் சவாரிக்கு வாங்குபவர் அந்தக் கூடுதலைக் கொடுக்கத் தேவையில்லை. நுக்ரா வகையின் இளஞ்சிவப்புத் தோல் இந்த ஊர் வெயிலில் மூக்கோரமும் கண்ணோரமும் வெந்துவிடும் என்பது தனிச் செலவு. நான்கு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணி, நுனி தொட்டு வளைந்த காது, நிமிர்ந்த கழுத்து, அறுபத்திரண்டு இஞ்சு உயரம் இவையெல்லாம் தனித்தனியாக விலைபோகும். வடக்கத்தி வியாபாரிகள் உயரத்தை இஞ்சில்தான் சொல்வார்கள். அளப்பது தோள்மேட்டிலிருந்து தரை வரை. தலை தூக்கி நிற்கும் படத்தைப் பார்த்து உயரத்தை நம்பக் கூடாது. சமதரையில் நிறுத்தி, குச்சியை நேராக வைத்து அளக்க வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவர் மெதுவாகச் சவாரி செய்ய ஐம்பத்தாறு இஞ்சுக் குதிரை தாராளமாகப் போதும்.

சுழிக்குத் தனியாகவே ஒரு விலை உண்டு. நெற்றி, கழுத்து, முதுகு, விலா என்று மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி பார்ப்பது மாட்டைப் போலவே குதிரைக்கும் நடக்கிறது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களோடு பதிப்பித்திருக்கிறது. சுழியும் நிறமும் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் மரபு அவ்வளவு பழையது. மயிர் வளரும் திசைக்கும் காலின் வலுவுக்கும் தொடர்பு இல்லை. ஆகவே நம்பிக்கை இல்லாதவருக்கு, கெட்ட சுழி என்று ஒதுக்கப்பட்ட நல்ல குதிரை பாதி விலையில் கிடைத்த வரம். ஒரு எச்சரிக்கை மட்டும்: நாளைக்கு விற்கப்போனால் அடுத்தவர் அதே சுழியைக் காட்டி அதே அளவு குறைப்பார். வளர்க்கவே வாங்குபவருக்கு இது கவலையில்லை.

வயதும் அப்படித்தான். ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை விலை உச்சத்தில் இருக்கும். பத்தைத் தாண்டியதும் இறங்கும். நன்றாகப் பராமரித்த குதிரை இருபத்தைந்து ஆண்டுகூட வாழும் என்பதால், பன்னிரண்டு வயதில் ஊர் உலகம் பார்த்து அடங்கிய குதிரையே சிறு முதலீட்டுக்குப் பொருத்தம். பேருந்து ஆரனுக்கும் பட்டாசுக்கும் அது பழகியிருக்கும். இரண்டு வயதுக் குட்டியும் மலிவாகத்தான் வரும். ஆனால் அதைச் சேணத்துக்குப் பழக்க ஆள் வைக்கும் செலவு பிறகு தெரியும். நம் நாட்டினங்களில் ஆணைப் பெரும்பாலும் காயடிக்காமலே வைத்திருப்பார்கள். பெட்டைக்கு இனப்பெருக்க மதிப்பு இருப்பதால் ஆண் மலிவு. கூட்டமுள்ள தெருவில் பொலிகுதிரையைப் பிடித்துப் போவது அனுபவசாலியின் வேலை. மலிவாக வரும் ஆணை வாங்குபவர் காயடிக்கும் செலவையும், ஆறும் வரையிலான ஓய்வையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்துப் புதுச்சேரியில் குதிரை மரியாதைப் பொருளாகவும் கைமாறியது. தானமாக வந்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்த்த ஆளைக் கேலி செய்யும் பழமொழி நம்மிடம் உண்டு. காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்காமல் விடுபவருக்குப் பழமொழி தேவையில்லை, ஊரே சிரிக்கும். வயதை அறியப் பல் பார்க்கும் முறை கடினமல்ல. முன்வாயில் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப் பற்கள். இரண்டரை வயதில் நடு இணையும், மூன்றரையில் அதற்கடுத்த இணையும், நாலரையில் கடை இணையும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் கீழ்ப்பற்களின் மேற்பரப்பில் உள்ள கறுத்த குழி தேய்வதைப் பார்க்க வேண்டும்: நடுவில் ஆறு வயதிலும், அடுத்ததில் ஏழிலும், கடைப்பல்லில் எட்டிலும் மறையும். பத்து வயதுவாக்கில் மேல் கடைப்பல்லின் வெளிப்பக்கம், ஈறை ஒட்டி ஒரு பள்ளக்கோடு தலைகாட்டும். பதினைந்தில் பல்லின் பாதிவரை இறங்கும், இருபதில் அடிவரை வந்து சேரும். பக்கவாட்டில் பார்த்தால் இளங்குதிரையின் பற்கள் நேருக்கு நேர் நிற்கும். கிழக்குதிரையின் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து நீண்டிருக்கும்.

எட்டு வயதுக்கு மேல் பல் சொல்வது மதிப்பீடுதான். மணல் கலந்த மேய்ச்சல் பல்லைச் சீக்கிரம் தேய்க்கும், மென்மையான தீவனம் தாமதிக்கும். ஓரிரு வயது வித்தியாசத்துக்காக வியாபாரியோடு சண்டை போடுவதில் பயனில்லை. பழைய மோசடி ஒன்றுக்கு மட்டும் கண் விழித்திருக்க வேண்டும்: தேய்ந்த பல்லில் குழி தோண்டிச் சூட்டுக்கோலால் கருக்கி, கிழத்தை இளசாக்குவது. இயற்கையான குழியைச் சுற்றி வெள்ளை எனாமல் வளையம் இருக்கும். தோண்டிய குழிக்கு அது இருக்காது. மேல் கடைப்பல்லின் பள்ளக்கோட்டை யாரும் அழிப்பதுமில்லை. குழி எட்டு வயது என்றும் கோடு பதினெட்டு என்றும் சொன்னால் கோட்டையே நம்பலாம்.

பல்லை விட முக்கியம் கால். லாயத்துக்குச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போய் நிற்பது பழைய உத்தி. குதிரை நின்ற இடத்திலேயே, உடம்பு சூடேறாமல், காலில் தண்ணீர் ஊற்றாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும். பழைய நொண்டல் முதல் பத்தடியில் தெரியும், ஓட்டிச் சூடாக்கினால் மறையும். கெட்டியான தரையில், தளர்ந்த கயிற்றில், முதலில் நடையாகவும் பிறகு துள்ளோட்டமாகவும் நேராகப் போய்வரச் சொல்ல வேண்டும். முன்காலில் வலி இருந்தால் நல்ல கால் தரையில் படும்போது தலை தாழும், வலிக்கும் கால் படும்போது தலை தூக்கும். பின்காலில் வலி என்றால் இடுப்பின் ஒரு பக்கம் மற்றதைவிட ஏறி இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலையை ஆடவிடாமல் ஓட்டிக் காட்டுபவர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். பிறகு குதிரையைச் சிறு வட்டத்தில் சுற்றிவரச் சொல்லிப் பின்னோக்கியும் நடத்த வேண்டும். பின்கால் தள்ளாடினாலோ, குளம்பு நுனி தரையில் உரசினாலோ வாங்கவே கூடாது. மாட்டின் வயிற்றில் வாழும் செட்டேரியா புழுவின் இளம்புழுவைக் கொசு குதிரைக்குக் கொண்டுசெல்லும். அது தண்டுவடத்தில் புகுந்தால் இடுப்பு விழும். இந்தியக் குதிரைக்காரர்கள் கும்ரி என்று அஞ்சும் நோய் இது. மாடும் கொசுவும் வயலும் நெருங்கியிருக்கும் வில்லியனூர், ஊசுட்டேரி பக்கங்களில் இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

குளம்பைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கவிடாத குதிரைக்கு லாடம் அடிப்பது எப்படி என்ற கேள்வியும் அப்போதே வரும். குளம்பின் மேல் வளையங்கள் குதிகாலில் அகன்றும் முன்னால் நெருங்கியும் இருந்தால் குளம்பழற்சி வந்துபோன குதிரை. அது மீண்டும் வரும். நடுவே உள்ள முக்கோண மெத்தை அழுகி நாறினால் ஈர லாயத்தில் நின்றது என்று பொருள். அது சுத்தத்தால் ஆறும், அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநார் பக்கவாட்டில் பார்த்தால் நூல்பிடித்தது போல் நேராக இருக்க வேண்டும். வில்லாகப் புடைத்திருந்தால் நார் கிழிந்து ஆறியது. பந்தயக் குதிரைகளில் இது அடிக்கடி தென்படும். ஓட்டத்துக்கு அது முடிந்த கதை, மெல்லிய சவாரிக்கு ஆறிப்போன நார் தாங்கும். கணைக்கால் எலும்பில் வலியில்லாத பழைய முண்டு, சூடுபோட்ட தழும்பு, வெட்டிய வால், கிழிந்த காது இவையும் ஏற்கத்தக்க குறைகள். பார்க்க அசிங்கம், பயன்பாட்டுக்குப் பழுதில்லை, விலையை இறக்கும். சிறு பட்ஜெட்டுக்காரர் தேட வேண்டியது இப்படிப்பட்ட குதிரையைத்தான்.

ஏற்கக் கூடாதவற்றின் பட்டியல் ஒன்று பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கிடைக்கிறது. பிரான்சின் சிவில் சட்டத் தொகுப்பு 1819-ல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. விற்ற பொருளின் மறைந்த குறைக்கு விற்றவரே பொறுப்பு என்பது அதன் விதி. 1838-ல் பிரான்சில் வந்த தனிச் சட்டம் ஒன்று, எந்தெந்த மறைந்த குறைக்குக் குதிரையைத் திருப்பித் தரலாம் என்று பெயர் சொல்லியே வகுத்தது: விட்டுவிட்டு வரும் கண் அழற்சி, வலிப்பு, மூக்குச்சளி நோயான கிளாண்டர்ஸ், பழைய நெஞ்சு நோய், மூச்சிரைப்பு, ஓடும்போது தொண்டையில் எழும் சீழ்க்கை, பல் தேயாமலே காற்றை விழுங்கும் பழக்கம், பழைய காயத்தால் விட்டுவிட்டு வரும் நொண்டல் முதலியவை. பெரும்பாலானவற்றுக்கு ஒன்பது நாள் கெடு, கண் அழற்சிக்கும் வலிப்புக்கும் முப்பது நாள். அந்தக் கெடுவில் தொழில் தெரிந்தவர்களின் அனுபவம் இருக்கிறது. கண் நோய் இன்று வந்து நாளை தெளிந்துவிடும், ஒருநாள் பார்த்துத் தெரியாது. சட்டம் இன்று கைகொடுக்காவிட்டாலும், லாயத்துக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது அரிது.

குணத்தைப் பார்க்க ஒரு நாள் போதாது. மயக்க மருந்தோ வலிமருந்தோ கொடுத்துச் சாதுவாக்கிக் காட்டும் வழக்கம் எல்லா நாட்டுக் குதிரை வியாபாரத்திலும் உண்டு. திருவிளையாடலில் மாணிக்கவாசகருக்காக மதுரை வந்த குதிரைகள் பகலில் பரியாக நின்று இரவில் நரியாகின. நடப்புலகில் அதற்கு மருந்தின் வேகம் குறையும் நேரம் போதும். தொங்கிய உதடு, மங்கிய கண், கைதட்டினாலும் திரும்பாத காது கண்டால் மறுநாள் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். சேணம் கட்டுவது, கடிவாளம் மாட்டுவது, முதலில் ஏறுவது எல்லாவற்றையும் விற்பவரின் ஆளே செய்து காட்டட்டும். அவர் ஏறத் தயங்கும் குதிரையில் வாங்குபவர் ஏறக் கூடாது.

வடக்கத்திக் குதிரை புதுச்சேரியில் பிழைக்குமா என்பது வியர்வையைப் பொறுத்தது. குதிரை உடல் சூட்டைத் தணிப்பது வியர்த்துத்தான். கடுமையாக ஓடினால் ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேல் வியர்வை போகும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது உலராது, உடல் சூடும் இறங்காது. சில குதிரைகளுக்கு இத்தகைய இடங்களில் வியர்வையே நின்றுபோகும். வெப்பநாடுகளுக்குக் கப்பலேற்றி அனுப்பிய ஆங்கிலேயக் குதிரைகளில் நூறாண்டுக்கு முன்பே கவனிக்கப்பட்ட கோளாறு இது. மயிர் வறண்டு, நெற்றியில் உதிர்ந்து, நிழலில் நிற்கும்போதே நாய்போல் மூச்சுவாங்கும். இதற்கு உறுதியான மருந்து இல்லை, குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவதே வழி. ஆகவே ராஜஸ்தானிலிருந்து கார்த்திகையில் வந்த குதிரையை மார்கழியில் பார்த்து மயங்கக் கூடாது. கடலூரிலோ சென்னையிலோ புதுச்சேரியிலோ குறைந்தது ஒரு சித்திரை, வைகாசியைக் கடந்துவிட்ட குதிரையை வாங்கினால் இந்தச் சோதனையை வேறொருவர் செலவில் முடித்ததாகிறது. உள்ளூரில் கைமாறும் குதிரைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது இதனால்தான். வெயில் காலத்தில் பார்க்கப் போனால், கால்மணி நேரம் ஓட்டியபின் கழுத்திலும் சேணத்தின் கீழும் கை வைத்து ஈரம் பார்ப்பது கட்டாயம்.

அடுத்தது மணல். கடலோர மணல் தரையில் தீவனத்தைக் கொட்டினால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். அது பெருங்குடலில் தங்கி வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றுவலியே பல குதிரைகளின் முடிவு. சோதனை எளிது: புதுச் சாணம் ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் மணல் தங்கும். பலமுறை பார்த்தும் வந்துகொண்டே இருந்தால் உள்ளே சேர்ந்திருக்கிறது.

தீவனமும் எலும்பில் எழுதிவைக்கும். கோ-4 கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் மிகுதி, அது சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டையும் மட்டுமே தின்று வளர்ந்த குதிரையின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் இருபுறமும் வீங்கும், காரணம் தெரியாத நொண்டல் வரும். மாடு வளர்க்கும் வீட்டில் குதிரை வாங்கினால் இதைக் கவனிக்க வேண்டும். மாட்டுக்கு அமிர்தமாக இருக்கும் அதே தொட்டி குதிரைக்கு ஆகாது. அறுகும் உலர்புல்லும் அடிப்படை, ஊறவைத்த கொள்ளு அளவாக.

மருத்துவரை அழைத்துப் பார்க்காமல் முழுப்பணம் கொடுப்பது சிக்கனம் அல்ல. புதுச்சேரி குருமாம்பேட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விற்பவருக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரைத் தவிர்த்து வேறொருவரை அழைப்பது நல்லது. இதயம், மூச்சு, கண், வாய் பார்ப்பதோடு ரத்தமும் எடுக்கச் சொல்ல வேண்டும். ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய் விட்டுவிட்டுக் காய்ச்சலாக வந்து உடம்பை உருக்கும், ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தால் பிடிபடலாம், மருந்தும் உண்டு. கிளாண்டர்ஸ் வேறு விஷயம். மனிதருக்கும் தொற்றும் அந்த நோய் 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள். ஹரியானா ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான சோதனையில் முதன்மையான இடம். வடக்கத்திச் சந்தை வழியாக வந்த குதிரைக்கு இந்தச் சோதனை முடிவு இல்லாமல் பேச்சே தொடங்க வேண்டாம். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்ற பழமொழி இந்த இடத்துக்கென்றே சொன்னது போலிருக்கும்.

பந்தயத்திலிருந்து வரும் குதிரையிடம் ஒரு வசதி: அடையாளப் புத்தகம் இருக்கும், வயதில் ஏமாற்ற முடியாது. விலையும் பல சமயம் மார்வாரியைவிடக் குறைவு. ஆனால் ஓடுவது ஒன்றே அதற்குத் தெரியும், நிற்கக் கற்றுக்கொடுக்கவே மாதங்கள் ஆகும். தோல் மெலிது, குளம்பின் அடி மெலிது, தீனி அதிகம். சவாரியில் கை தேர்ந்தவருக்கு இது நல்ல பேரம், புதியவருக்கு மலிவாக வாங்கிய ஆபத்து.

விலை பேசுவதில் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. கண்டுபிடித்த குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் குறைப்பதைவிட, எல்லாம் பார்த்து முடித்தபின் ஒரே தொகையைச் சொல்லிவிட்டு நிற்பது நன்றாக வேலை செய்யும். அச்சாரம் கொடுக்கும்போது ரத்த முடிவு வரும் வரை மீதி இல்லை என்றும், முடிவு மோசமானால் அச்சாரம் திரும்பும் என்றும் எழுதி வாங்க வேண்டும். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் குதிரையும் ஒரு சரக்குதான். அதன் 16ஆம் பிரிவுப்படி வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பது பொதுவிதி. என்ன தேவைக்கு என்று சொல்லி, அந்தச் சரக்கை வழக்கமாக விற்கும் வியாபாரியின் தேர்ச்சியை நம்பி வாங்கினால் அந்தத் தேவைக்குப் பொருந்தும் என்ற பொறுப்பு விற்பவர்மேல் வரும். எனவே ரசீதில் ‘சிறுவர் சவாரிக்கு’ என்ற இரண்டு சொல் இருக்கட்டும். நிறம், உயரம், வயது, அடையாள மச்சம், சிப் எண் இருந்தால் அது, இவையும் வேண்டும். இசைந்தால் எடுப்பது, இல்லையேல் திருப்புவது என்ற ஏற்பாட்டுக்கும் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு வாரம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்ளும் வியாபாரி கிடைத்தால் மற்றவர்களை மறந்துவிடலாம்.

வழியில் குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் நட்டம் என்பதும் முன்கூட்டியே பேச வேண்டியது. கீசுத் தீவின் வணிகரோடு பாண்டிய அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். குதிரைக்கு 220 பொன் தினார். அரசருக்கே அப்படி என்றால் சிறு தொகைக்காரர் ‘புதுச்சேரி லாயத்தில் நடந்து இறங்கும் வரை விற்பவர் பொறுப்பு’ என்று எழுதிக்கொள்வது அவசியம். 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் மருத்துவச் சான்றும், பக்கவாட்டில் மெத்தை கட்டிய வண்டியும் வேண்டும் என்றும், ஒரு வண்டிக்கு நாலிலிருந்து ஆறு குதிரைக்கு மேல் கூடாது என்றும், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன. அந்த வேகத்தில் அந்தியூரிலிருந்து பவானி, சேலம், விழுப்புரம் வழியாக வர எட்டு மணி நேரமாவது ஆகும். புஷ்கரிலிருந்து என்றால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அங்கே கணக்காகவே நடந்துவிடும்.

வந்து சேர்ந்த குதிரையை மற்ற விலங்குகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும். பழைய லாயத்துத் தீவனத்தில் ஒரு மூட்டையைக் கூடவே வாங்கிவந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதற்கு மாற்ற வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டதற்கு ஏடு இல்லாவிட்டால் போடவில்லை என்றே கொண்டு தொடங்கலாம். மாட்டுக்கு லாடம் கட்டுபவரிடம் குதிரையின் குளம்பை ஒப்படைக்க முடியாது. பிளவுபட்ட குளம்பின் வேலை வேறு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வரக்கூடிய ஆள் யார் என்று குதிரை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்திருக்க வேண்டும்.

நானூறு கிலோ குதிரை நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் எட்டு கிலோ தீவனமும் முப்பது முதல் ஐம்பது லிட்டர் தண்ணீரும் கேட்கும். மாதத்துக்கு 240 கிலோ. மேய்ச்சல் நிலம் இல்லாத நகரத்தில் அவ்வளவும் விலைக்கு வாங்கியது. குதிரையின் விலை போக, ஓராண்டுத் தீவனத்துக்கும் லாடத்துக்கும் மருத்துவருக்கும் பணம் தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, சவாரிப் பள்ளியில் மணிக்கணக்குக் கட்டணம் கொடுத்து ஏறுவதே நல்லது.